அறுகம்புல்லில் ஒரு பந்து

லோறென்ஸ்கூக், நோர்வே,
சனிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகளும் சுகம். ஆனால் எங்களுக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஜோனாஸ் ஆறாம் இடம்! இரண்டாம் நாள் முடிவு கைபேசியில் வந்ததும் மகள் நிருஜா போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. ஐம்பது வயது தாண்டிய எத்தனை பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர்கள் மொரிசியசுக்கு வந்திருக்கிறார்கள்! அவர்களுக்கு நடுவில் எங்கள் ஜோனாஸ், அவருடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நீங்கள். வெளியே மைனஸ் பதினொன்று, எனக்கோ வியர்க்கிறது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒரு கிழவர் கோப்பியைக்கூடக் குடிக்காமல் என் கைபேசியைப் பறித்து வைத்துக்கொண்டார்.

சரி, இனி என் கோபம். தொலைபேசியில் சொன்னால் "ஓம், ஓம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

இன்று குழிக்குப் பக்கத்தில் வைத்து ஜோனாஸ் மூன்று முறை தவறவிட்டார். மூன்று முறையும் பந்து கடல் பக்கமாக ஓடியது. அது நோர்வேப் புல் இல்லை, எங்கடை அறுகம்புல் இனம், ஒரு பக்கமாகப் படுத்து வளரும், பந்தையும் அந்தப் பக்கம் இழுக்கும் என்று மத்தியானம் என்னிடம் சொன்னது நீங்கள்தானே? இங்கே பிள்ளையாருக்கு வைக்க ஒரு பிடி அறுகம்புல் கிடைக்காமல் அலைகிறேன், அங்கே அதன்மேல் பந்து உருட்டுகிறார்கள்! பந்து ஏன் அப்படி ஓடுகிறது என்று ஜோனாஸ் உங்களிடம் கேட்டும் இருக்கிறார். நீங்கள் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறீர்கள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டால், "அவர் முப்பது வரியமா விளையாடுறவர், நான் புல்லு வெட்டுறவன், நான் என்னத்தைச் சொல்லுறது" என்கிறீர்கள். கறியில் உப்புக் குறைந்தால் மட்டும் அரை மணித்தியாலம் கதைக்கத் தெரிகிறது.

இங்கே ஜோனாஸ் விளையாடும் மைதானத்தில் புல்லு வெட்டத் தொடங்கி உங்களுக்கு இருபத்திரண்டு வருடம். ஏழாவது குழியடியில் தண்ணீர் தேங்காமல் வழி கண்டுபிடித்தவர் நீங்கள். பாராட்டு வாங்கியவர் வேறொருவர். அன்றைக்கும் பேசாமல் வந்து சோறு சாப்பிட்டீர்கள். நான் குளியலறையில் நின்று அழுதது உங்களுக்குத் தெரியாது.

நாளை முதல் ஐந்து பேருக்குள் வந்தால்தான் ஜோனாசுக்கு அடுத்த வருடமும் இந்தப் போட்டிகளில் இடம். இல்லாவிட்டால் விளையாட்டையே விட்டுவிடுவேன் என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் சொன்னார். ஐந்தாம் இடத்துக்கு ஒரேயொரு அடிதான் வித்தியாசம்!

அத்தான், காலையில் மைதானத்துக்குப் போகும் வழியிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லியும் தோற்றால் தோற்கட்டும். இரண்டு பேரும் வாருங்கள், இறால் கறி வைத்துத் தருகிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் மட்டும் விமானம் ஏறிவிடாதீர்கள்.

முருகன் நாளைக்கு உங்கள் நாக்கில் இருக்கட்டும்.

உங்கள்
ஜெயகுமாரி