தெளிக்காத வாசல்

மச்சான்,

உங்கள் கேமராப் பையை இன்று காலை திறந்தபோது ஜிப்பின் பற்களுக்கிடையே வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சை என்று எண்ணித் துணியால் துடைத்தேன், கோலப்பொடி. லென்ஸ் வைக்கும் பிரிவில் பொடி டப்பாவே இருந்தது. ஸ்டுடியோவில் துளித் தூசியும் பொறுக்காத நீங்கள் அதை அங்கே வைத்த காரணம் எனக்குத் தெரியும்.

அக்காவை மனச்சோர்வு பிடித்திருந்த காலத்தில் அவளால் காலையில் எழ முடியாது; சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். கொழிஞ்சாம்பாறையில் நம் தெருவில், விடிந்த பிறகும் வாசல் தெளிக்காமல் கிடந்தால் அந்த வீட்டில் சாவு என்று பொருள். ஆகவே தெரு விழிப்பதற்கு முன் நீங்களே தெளித்து, கோலமும் போட்டுவிடுவீர்கள். வேலைக்கு வரும் அம்மாள் போடுவதாக அக்காவிடம் சொல்லி, டப்பாவை அவள் கண்ணில் படாதபடி பையில் ஒளித்துக்கொள்வீர்கள். கல்யாண வீடுகளில் படமெடுக்கையில் பட்டுச்சேலையின் ஒரு மடிப்பைக்கூடத் தவறவிடாத உங்களுக்குக் கோலத்தில் ஒரு கோடு நேராக வராது. "ஏனுங்க, உங்க ஊட்டுக் கோலம் பஸ்ஸப் புடிக்க ஓடுறாப்பல இருக்குது?" என்று எதிர்வீட்டுச் சரசக்கா கேட்பார். நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள்.

அக்கா தேறிய பின், அந்த நோயைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்க விரும்பினீர்கள். அவள் பார்த்துச் சம்மதிக்காமல் ஒரு காட்சியும் வெளியே போகக் கூடாது என்று நான் நிபந்தனை விதித்தேன். "சரிங்க மாப்ளே. ரூல்ஸ் புஸ்தகம் நீங்க, கேமரா நானு" என்றீர்கள். காட்சிக்குக் காட்சி பொருள்கள் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்கே வந்தது.

முதல் நாள் உங்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு. நாயகியால் எழ முடியவில்லை என்பதைக் காட்ட, வாசலைத் தெளிக்காமல் விட்டோம். கேமராவைப் பொருத்தி முடிப்பதற்குள் சரசக்கா அழுதுகொண்டே ஓடிவந்தார். பின்னால் நான்கைந்து பெண்கள். "ஐயோ கண்ணு, இப்படிப் பண்ணிப்போட்டியே!" அந்த நேரம் பார்த்து அக்கா காபித் தட்டோடு வெளியே வந்தாள். "ஏனுங்கக்கா, ஆரு செத்தது?"

படம் எடுக்கிறோம் என்று நான் விளக்கியதும் சரசக்காவின் அழுகை கோபமாக மாறியது. "சினிமாவா? நாசமாப் போச்சு! அத்தனை நாளும் கோணக் கோலமாச்சும் கெடந்துது. இன்னைக்கு அதுவுங் காணம்னா நாங்க என்னன்னு நெனைக்கறது?"

"எந்தக் கோலம்?" என்றாள் அக்கா.

"உன்ற ஊட்டுக்காரரு போட்டதுதான். தெருவுக்கே தெரியும் கண்ணு. ஆரு போடறதுன்னு கேட்டா அவருக்குச் சங்கடம்னு உட்டுட்டோம்."

நீங்கள் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினீர்கள். அது சுத்தமாகவே இருந்தது.

தொகுத்த படத்தை அக்கா ஸ்டுடியோவில் பார்த்தாள். படுக்கை, சுவர், பாதி குடித்த தண்ணீர், பிரிக்காத மாத்திரை, எல்லாம் முறையாக இருந்தன. "படுத்துக் கெடக்கறவ இருக்கறா. அவளச் சுத்தி அல்லாடுனவரு எங்கீங்க?" என்றாள். அந்த மனிதர் வராத படத்துக்குத் தன் சம்மதம் இல்லை என்றும் சொல்லிவிட்டாள். பல நாள் மறுத்தீர்கள். கடைசியில் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் குனிந்தீர்கள். நான் எடுத்தது சற்றே மங்கிவிட்டது. மீண்டும் எடுக்கலாம் என்றேன். "உடுங்க மாப்ளே, இந்தக் கோலத்துக்கு இந்த ஃபோகஸ் போதும்." பக்கத்துச் சித்தூரில் திரையிட்டபோது அந்த இடத்தில் அக்கா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாரடைப்பில் நீங்கள் போன பிறகு நான் அக்காவோடு இருக்கிறேன். மருந்து தொடர்கிறது, நல்ல நாட்களே அதிகம். இன்று அவளால் எழ முடியவில்லை. பொடியை வீடெங்கும் தேடிக் கடைசியாகத்தான் உங்கள் பையைத் திறந்தேன்.

"அக்கா எந்திரிக்கலீங்களா?" என்று எதிர்வாசலிலிருந்து சரசக்கா கேட்டார்.

"இல்லீங்கக்கா. இன்னைக்கு மனசுக்கு முடியலீங்களாம்" என்று தெருவுக்குக் கேட்கும்படியே சொன்னேன். அவர் வந்து வாளியை வாங்கித் தெளித்தார். நான் புள்ளிகளை அளந்து வைத்துக் கோலம் போட்டேன்.

வெயில் ஏறிய பின் அக்கா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். கோலத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நேரா இருக்குதுடா" என்றாள்.

டப்பாவைப் பைக்குள் திரும்ப வைக்கவில்லை, மச்சான். அவள் கண்ணெதிரே ஜன்னல் கட்டையில் வைத்தேன். பிறகு வாசலுக்குப் போய் ஒரு கோட்டை மட்டும் விரலால் அழித்து, உங்கள் கை போகும் போக்கில் வளைத்துப் போட்டேன். நான் நிமிரும்வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.