சான்று கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு

பாய்,

உங்கள் கணினி இப்போது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. இன்று காலை அதன் பெட்டியைத் திறந்து தூசு தட்டினேன். உள்ளேயிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. வியாழக்கிழமைதோறும் உங்கள் வீட்டில் போட்ட புகையை அந்தச் சின்ன விசிறி ஆண்டுக்கணக்கில் உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. கையில் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பின்னால் வந்து நின்றீர்கள் என்று எழுதினால், "யார் பார்த்தது?" என்று கேட்பீர்கள். யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

நாம் சண்டையில்தான் அறிமுகமானோம். இணையக் கலைக்களஞ்சியத்தில், நிபோங் தெபால் ஊருக்கு அருகே நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அங்கே தமிழ்ப்பள்ளி முதலில் ஒரு மாட்டுக்கொட்டகையில் நடந்தது என்று அதில் ஒரு வரி. மறுநாள் பார்த்தால் வரியைக் காணோம். நீக்கியது நீங்கள். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் "சான்று எங்கே?" என்று கேட்டிருந்தீர்கள். என் அப்பா அந்தக் கொட்டகையில் படித்தவர் என்று பதில் போட்டேன். "உங்கள் அப்பா சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது சான்றாகாது" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் வரியைத் திரும்பச் சேர்த்தேன். நீங்கள் எடுத்தீர்கள். மறுபடி சேர்த்தேன், மறுபடி எடுத்தீர்கள். முகம் தெரியாத மனிதரோடு அப்படி மல்லுக்கட்டியது அதுதான் முதல் தடவை.

அந்தச் சண்டையின் நடுவில்தான் நீங்களும் பினாங்கு என்று தெரிந்தது. ஜார்ஜ்டவுனில் உங்கள் கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நான் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன் என்றதும் உங்களுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப ஒங்களுக்கு நான் சொல்றது புரியணுமே. சோதிக்காத சாமானை அனுப்புவீங்களா?"

"எங்கப்பா சாமான் இல்ல பாய்."

"அவர எந்தப் பத்திரிகையாச்சும் பேட்டி எடுக்கட்டும். நானே அந்த வரியப் போட்டுத் தாரேன்."

"அதுக்கு அவரு மந்திரி ஆகணும் லா!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் கோப்பையிலிருந்த தே தாரிக் மேசையில் கொட்டியது. அந்த வரியை மட்டும் கடைசி வரை சேர்க்க விடவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு உங்களிடம் காட்டாமல் எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நீங்கள் ஒரு தானியங்கியைச் செய்து, வீட்டுக் கணினியில் இரவும் பகலும் ஓடவிட்டீர்கள். யாராவது சான்றில்லாமல் ஒரு வரி சேர்த்தால் போதும், அந்த நிரல் தானாகவே போய் அவருக்கு உங்கள் பெயரில் ஒரு செய்தி வைக்கும். முதலில் நீங்கள் எழுதியது, "சான்றில்லாத வரி நீக்கப்படும்." சம்மன் மாதிரி இருக்கிறது, ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்றேன். "அப்ப நீங்களே எழுதுங்க" என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினீர்கள். கடையில் உட்கார்ந்து இருவருமாக மாற்றி எழுதினோம்: "வணக்கம். நல்ல தகவல். இதை எங்கே படித்தீர்கள்? சொன்னால் நானும் படிப்பேன்."

நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை போனீர்கள். அன்று மாலைக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது, அதனால் எனக்குச் சொல்லவும் ஆளில்லை. அடுத்த வாரம் நான் ஏதோ ஒரு வரி சேர்த்தேன். உடனே உங்கள் பெயரில் செய்தி வந்தது. இதை எங்கே படித்தீர்கள்? "உங்களுக்கு வேறு வேலையே இல்லையா பாய், தூங்கவே மாட்டீர்களா?" என்று விளையாட்டாகப் பதில் எழுதினேன். சனிக்கிழமை கடைக்கு வந்தால் கதவு இறக்கியிருந்தது. பக்கத்துக் கைப்பேசிக் கடைக்காரர் சொன்னார்: "பாய் மௌத்தாயிட்டாரே அக்கா. போன வாரம் வெள்ளிக்கிழமை. ஒங்களுக்குத் தெரியாதா?" அங்கேயே நின்று கைப்பேசியைத் திறந்து அந்தச் செய்தியைத் திரும்பப் பார்த்தேன்.

கலைக்களஞ்சியத்தின் பொதுப் பக்கத்தில் உங்கள் மறைவை எழுதினேன். சான்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உயிரோடிருக்கும் ஒருவரை யாரோ விளையாட்டுக்கு இறந்தவர் என்று எழுதிவிட்ட பிறகு, மறைவுச் செய்திக்குச் சான்று வேண்டும் என்ற விதியை எழுதி வைத்ததே நீங்கள்தான். பத்திரிகையில் உங்களுக்கு அறிவிப்பு வரவில்லை. அங்கே புனைபெயரில் எழுதிய நீங்கள் சொந்தப் பெயரை யாருக்கும் காட்டியதில்லை, நானும் காட்டப் போவதில்லை. எனவே அங்கே நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள்.

சில மாதங்களில் தானியங்கிக்குக் கிறுக்குப் பிடித்தது. பராமரிக்க ஆளில்லாததால், சான்றோடு எழுதியவர்களையும் கேட்க ஆரம்பித்தது. கெடாவிலிருந்து புதிதாக எழுத வந்த ஓர் ஆசிரியை புத்தகப் பெயர், பக்கம் எல்லாம் கொடுத்துப் பதில் போட்டார். அது மறுபடி கேட்டது. அவர் மறுபடி கொடுத்தார். மறுபடியும் கேட்டது. "ஐயா, சொன்னால் படிப்பேன் என்றீர்களே. நான் என்ன தவறு செய்தேன்?" என்று அவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறொருவர், "இவருக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். உங்களைப் போய் இப்படிக் கேட்கிறார்களே என்று எனக்கு அழுகையாக வந்தது. நிர்வாகிகள் உங்கள் கணக்கைத் தடைசெய்யப் போவதாகச் சொன்னார்கள். செய்தால், "இடையூறு செய்தவர்" என்ற குறிப்பு உங்கள் பெயரோடு காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் அவகாசம் கேட்டுக்கொண்டு டத்தோ கிராமாட்டில் உங்கள் வீட்டைத் தேடி வந்தேன்.

உங்கள் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவை முடித்து அதிக நாள் ஆகவில்லை. நான் யாரென்று சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

"கடைக்கு வர்றவங்களா?"

"இல்லக்கா. பாயோட கம்ப்யூட்டர்ல சண்ட போடுறவ."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். முன்னறை மூலையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, 'இத மட்டும் நிப்பாட்டிடாதே'ன்னாங்க. எங்கிட்ட கடைசியாச் சொன்னது அதான். இத்தாவுல இந்த ரூம்லதான் இருந்தேன். இந்தச் சத்தந்தான் எனக்குப் பேச்சுத் துணை. அது என்னதாம்மா செய்யுது?"

"யாரு என்ன எழுதுனாலும், எங்க படிச்சீங்கன்னு கேக்கும்க்கா."

அவர் சிரித்துவிட்டார். "ஊட்லயும் அதே கததான். பக்கத்து ஊட்ல கல்யாணமாம்னு சொன்னா, யாரு சொன்னா, நீ நேர்ல கேட்டியாம்பாங்க. ஒரு பேச்சு நிம்மதியா பேச உட மாட்டாங்க."

ஆசிரியையின் கதையைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது.

"சனங்க அவங்கள ஏசுறாங்களா?"

"ஏசுறாங்கக்கா. பாய்தான் கேக்குறாருன்னு நெனக்கிறாங்க."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அவங்க எழுதுனது ஒங்ககிட்ட இருக்கா? வாசிங்க" என்றார். கைப்பேசியில் நம் பழைய பேச்சுப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். 'நான் நம்புவது சான்றாகாது' என்ற இடம் வந்ததும், "இது அவங்களேதான்" என்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொன்று கேட்டார். அதற்கப்புறம் இன்னொன்று. எனக்கு வைத்த தேநீர் ஆறிப்போனது. கடைசியில் எழுந்து போய், பிஸ்மி சொல்லி, அவரே அதை நிறுத்தினார். விசிறி மெல்ல ஓய்ந்தது. "எடுத்துட்டுப் போயிருங்க தங்கச்சி. சத்தமில்லாம இது இங்க கெடந்தா என்னால பாக்க முடியாது" என்றார்.

அந்த ஆசிரியை சொன்ன புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். படித்தேன் என்று என் பெயரில் அவருக்கு எழுதினேன். இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மனைவி வியாழக்கிழமைகளில் பொழுது சாய்ந்ததும் மக்ரிபு தொழுதுவிட்டு என்னை அழைப்பார். "இன்னைக்கு என்ன சண்ட?" என்பார். வாசிப்பேன். சில நேரம் என் பக்கம் நியாயம் சொல்வார், பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். ஆனால் நாம் போட்ட சண்டைகள் அவ்வளவு அதிகமில்லை, பாய். எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் போன வாரத்தோடு தீர்ந்துவிட்டன.

நேற்று வியாழக்கிழமை. அதை அவரிடம் சொல்ல மனம் வராமல், மதிய இடைவேளையில் நானே ஒரு சண்டையைப் புனைந்து எழுதிப் பார்த்தேன். அதில் நான் சொல்கிறேன்: "பாய், நீங்கள் இறந்துவிட்டீர்கள்." நீங்கள் கேட்கிறீர்கள்: "யார் சொன்னது? நீங்கள் பார்த்தீர்களா?" நான், "பார்க்கவில்லை." நீங்கள், "அப்படியென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்." ஓரிடத்திலும் பேனா தடுமாறவில்லை. அச்சு அசலாக உங்கள் பேச்சு. பயந்துபோய் அதைக் கிழித்துப் போட்டேன்.

மாலையில் அழைப்பு வந்தது. "முடிஞ்சிருச்சுக்கா. பாய் எழுதுனது அவ்வளவுதான்" என்றேன். கிழிக்காமல் இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

"நீங்களா ஒண்ணு எழுதி வாசிச்சிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன் தங்கச்சி," என்றார். "வாசிச்சிருந்தா, இதுவரைக்கும் வாசிச்ச எதையும் நம்பியிருக்க மாட்டேன்."

அவரிடம் வாசிக்காமல் தப்பித்துவிட்டேன். ஆனால் அந்த நாலு வரியும் எனக்கு மனப்பாடம். இன்று கணினியைத் துடைக்கும்போதும் உங்கள் குரலில்தான் கேட்டன. நீங்கள் உண்மையில் சொன்னவற்றைவிடத் தெளிவாகக் கேட்டன. கொஞ்ச காலம் போனால் எது உங்களுடையது, எது என் கற்பனை என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. அதனால், தெரியும்போதே எழுதி வைக்கிறேன்: அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று நீங்கள் என்னிடம் சொல்லவில்லை, பாய். நான்தான் எழுதிக்கொண்டேன்.