அறுப்பு டீ

எதிர்வீட்டுக்காரிக்கு,

பன்னிரண்டு வருஷமாக உன்னோடு பேசாதவள் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

போதைப் பழக்கத்தை ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி இன்று லூதியானாவிலிருந்து வந்தாள். மறுபடி ஆஸ்பத்திரியில் கிடக்கும் என் மகன் ஹர்தேவைப் பற்றி, அவனைப் போலவே என்னை 'பீஜி' என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"முதல் தடவை யார் குடுத்தாங்க, பீஜி?"

"எதிர்வீட்டு ஜக்தார்தான். வேற எவன்?" உன் மகன் பெயரைச் சொல்ல நான் யோசிக்கவே இல்லை.

"முதல் தடவைன்னா ஊசி மட்டும் இல்ல, பீஜி. வைத்தியத்துக்கில்லாம போதை தர்றது எது உள்ள போனாலும், ஒரு வாய்னாலும், அதுதான் முதல்."

"அப்ப அறுப்பு டீயுமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"கசகசாக் காய்த் தோல் போட்டதுதானே? அபின் எடுக்கிற அதே காய்தான். எத்தனை வயசுல?"

பதினான்கு. கோதுமை அறுப்பில் பிள்ளை சோர்ந்துவிட்டான். கூலியாட்களுக்குப் போட்டதில் மீந்த டீயை, வெல்லம் கூட்டி, பித்தளை டம்ளரில் நானே கொடுத்தேன். "இன்னொண்ணு குடு, பீஜி" என்றான். கொடுத்தேன். எல்லாம் நினைவிருக்கிறது. அது போதை என்று மட்டும் இன்றுவரை தோன்றவே இல்லை.

ஜக்தார் பெயரை அடிக்கச் சொல்லி, என் பெயரை எழுதவைத்தேன்.

குருத்வாரா மைக்கில் நான் கத்தித்தானே உன் பிள்ளை ஊரைவிட்டுப் போனான்? ஞாயிற்றுக்கிழமை அதே மைக்கில் இதைச் சொல்வேன். என் பால்சட்டியை நீ திருப்பித் தராதது வேறு விஷயம், அதை மன்னிக்கவில்லை. ஆனால் வா. முன்னால் உட்கார்ந்து, போனைத் தூக்கிப் பிடி. ஜக்தாரும் கேட்கட்டும்.

உன் எதிர்வாசல்காரி