மேல் சக்கரத்துச் சந்தனம்

செஞ்சி, 2-11-1966. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து நம் பட்டறையில் மரம் அறுக்கும் மிஷினில் ரம்பப் பட்டை சக்கரத்தை விட்டு நழுவி விழுகிறது.

நைனா, இன்று மிஷினை அனந்தபுரம் இருதயநாதனுக்கு விற்கப் பேசியிருக்கிறீர்கள். அது போனால் நமக்குப் பட்டறையே இல்லை. நான் விடமாட்டேன்.

"பொடவ கட்டிக்கினு மிஷினாண்ட உனக்கு இன்னா வேல?" என்று நேற்று கேட்டீர்கள். அந்தப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் கரண்டை நிறுத்தி மூடியைத் திறந்தேன். மேல் சக்கரத்து ரப்பரில், பூஜைக்கு நீங்கள் அப்பிய சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. பட்டை அதில் ஏறித்தான் நழுவியிருக்கிறது. சுரண்டி எடுத்தேன். கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, பட்டை ரப்பரின் நடுவில் ஓடும்வரை, சக்கரத்தைச் சாய்க்கும் திருகைத் திருப்பினேன். பிறகு கரண்ட் போட்டு ஒரு வேப்பம்பலகை அறுத்தேன். கோணாமல் வந்தது. உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சோறும் கீரைக் கடைசலும் மூடியிருக்கின்றன. பொழுது சாய்வதற்குள் சாப்பிடுங்கள். நான் வல்லத்தில் அத்தை வீட்டுக்குப் போகிறேன். பட்டறைச் சாவி என்னிடம் இருக்கிறது.

விமலா

அடுத்த பூஜைக்குச் சந்தனத்தை மிஷின் மூடியில் வையுங்கள்.

இன்னொன்று: கிளம்பும்போதே இருதயநாதன் வந்துவிட்டார். மிஷின் ஓடுகிறது, விற்பதில்லை என்றேன். "அப்போ நான் இன்னாத்துக்கு வண்டி கட்டிக்கினு வந்தேன்?" என்றார். வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.