முரினாவின் பாதி மடி

பார்பாஜியா, சார்தீனியா

அன்பு மகள் ஜோர்ஸாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், மழை வேண்டிய மட்டும் பெய்து மலையெல்லாம் பச்சை. ஆஸ்லோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி அன்னெத்தாவும் நலமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. பால் கட்டிக் காய்ச்சல் வந்து இடது பக்கம் பால் நின்றேபோனது, ஒரு பக்கப் பாலில் என் குழந்தை எப்படிப் பிழைக்கும் என்று எழுதியிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தால் பேனா முரினாவிடமே போகிறது. என்னை ஆட்டோடு சேர்க்கிறாயா என்று சிணுங்காமல் கேள்.

நீ புறப்பட்ட வருஷம் பிறந்த சாம்பல் மூஞ்சிக்காரிதான் முரினா. இந்த முறை இரண்டு பெட்டைக்குட்டிகள் போட்டாள், மடி தரையைத் தொடுமோ என்று இறங்கி நின்றது. பக்கத்துப் பட்டி பிரேது வந்து "யப்பா, என்ன மடிடா பஸ்தியானு இது!" என்று உன் அப்பாவிடம் வாயைப் பிளந்தார். புகழ்ந்ததைக் கையால் தொடாமல் போனால் கண்பட்டுவிடும் என்பது நம் ஊர் வழக்கமாயிற்றே, மனுஷன் மரியாதையாக மடியைத் தொட்டார். அடுத்ததைப் புகழ்ந்தார், அதையும் தொட்டார். உன் அப்பா மீசையைத் தடவியபடி "இதையும் பாரு, அதையும் தொடு" என்று பட்டி முழுக்கக் கூட்டிப்போனார். பிரேதுவின் ஆடுகளுக்கு மடிநோய் இருந்ததும், அவர் கறந்த கையோடு வந்திருந்ததும் யாருக்கும் உறைக்கவில்லை. சில நாட்களில் நம் ஆடுகளின் மடிகள் கல்லாக இறுகின, பாலில் திரிதிரியாக வந்தது. முரினாவுக்குத்தான் மோசம், ஒரு பக்கம் நீலம் பாரித்துச் சில்லிட்டுவிட்டது. உன் அப்பாவோ "அவன் விரல் நுனியாலதான் தொட்டான், அழுத்தித் தொட்டிருந்தா கண்ணு பட்டிருக்காது" என்று கத்தினார். கால்நடை டாக்டரம்மா வந்து "எல்லாம் அந்தக் கையாலதான் வந்துச்சு, இதுல அழுத்தி வேற தொடணுமா?" என்று கேட்டதும் மனுஷன் கை கழுவப் போய்விட்டார்.

பால் திரும்பட்டும் என்று அப்பா பார்லியை அள்ளிக் கொட்டியிருந்தார், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நோயில் கிடக்கும் வயிற்றுக்குத் தானியம் ஆகாது, காய்ந்த புல்லைப் போட்டு நிதானமாக அசைபோட விடுங்கள் என்றாள். சினையாக இருந்தபோது நன்றாக மேய்ந்தவை மருந்து போட்டதும் எழுந்துகொண்டன, எலும்பு தெரிந்தவைதான் சுணங்கின. அப்போது தின்ற புல் இப்போது வந்து காவல் நிற்கிறது பார். ஒரு லிட்டர் பால் ஊற மடிக்குள் நூற்றுக்கணக்கான லிட்டர் ரத்தம் ஓட வேண்டுமாம். வாழ்நாளெல்லாம் கறந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பால் வாளியைத் தூக்கவே எனக்குக் கை கூசியது.

முரினாவின் நோய்ப்பட்ட பக்கம் செத்தே போய்விட்டது. பாதி மடியை வைத்து இரண்டு குட்டியா, இறைச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா, எனக்கு ஆத்திரமாக வந்தது. காயம் ஆறட்டும், அதுவரை பொறு என்று மறித்தேன். மருந்தும் நல்ல தீனியும் கொடுத்தோம். ஜோர்ஸா, நான் கண்ணால் பார்த்தேன், மிஞ்சிய பாதி நாளுக்கு நாள் திரண்டு, போன பாதியின் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது! ஒரே காம்பில் இரண்டு குட்டிகளும் முட்டி மோதி மாற்றி மாற்றிக் குடிக்கின்றன, தொட்டால் கொழுகொழுவென்று இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் கோயிலில் நிற்பதுபோல் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

அதனால் நீ பயப்படாதே. மருத்துவர் சொல்வதைக் கேள், குழந்தையின் எடையைப் பார்த்துக்கொள், குறைந்தால் புட்டிப்பால் கொடுக்கத் தயங்காதே. உடம்பு பெருத்துவிட்டது என்று பட்டினி கிடக்கிறாயாமே, மாப்பிள்ளை எழுதியிருந்தார். ஆட்டு ரசத்தில் ரொட்டியை ஊறப்போட்டு வயிறாரச் சாப்பிடு. குழந்தையைத் தூக்க வருகிறவர்களைக் கை கழுவச் சொல், கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். அன்னெத்தாவின் படத்தை ஊரே புகழ்ந்து தொட்டுத் தொட்டு முகமே அழிந்துவிட்டது, வேறு படம் அனுப்பு. நீங்கள் வரும்போது வாசலில் சோப்போடு நிற்பேன். நீயும் குழந்தையும் குறையில்லாமல் வாழ மாதா துணையிருப்பாள். உன் ஒரு பக்கம் போதும் மகளே.

உன் அம்மா,
மல்லேனா

பி.கு.: அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, இதையும் எழுது என்கிறார்: "முரினாவை யார் கேட்டாலும் குடுக்கமாட்டேன், அவ எம் பேத்தி வந்து பார்க்கவேண்டிய ஆடு."