வரைபடத்தில் இல்லாத சேறு

14.7.86, திங்கள்

மூன்றாவது பீரியட் முடிந்ததும் தலைமையாசிரியர் சவுரியப்பன் கூப்பிட்டனுப்பினார். ஓவிய ஆசிரியரை அவர் கூப்பிட இரண்டே காரணங்கள்தான் உண்டு. யாருக்காவது வழியனுப்பு மடல் எழுத வேண்டும். அல்லது கழிவறைச் சுவரில் இருக்கும் படம் எந்தப் பையனின் கைவண்ணம் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இன்று மூன்றாவதாக ஒன்று. அரூருக்கு அந்தப் பக்கம் புதுப் பள்ளி திறந்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஓர் ஆள் போக வேண்டும். ஓவியமோ உடற்கல்வியோ, யாராவது ஒருவர். ஆகஸ்ட் பத்துக்குள் பெயர் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

"மாரியப்பன் என்.சி.சி. பாக்குறாரு. அவரை அனுப்பிட்டா அத யாருங்க பாக்குறது? நீங்களே சொல்லுங்க கஸ்பார்."

என் கழுத்துக்கு நானே அளவு சொல்ல வேண்டுமாம்.

ரோசம்மாவுக்கு மிஷன் பள்ளியில் வேலை. அவளுக்கு மாறுதல் கிடையாது. ஆறு வருடம் நான் எங்கோ, அவள் மாரண்டஹள்ளியில். போன ஜூனில்தான் ஒரே வீட்டுக்கு வந்தோம். வந்துவிட்டுப் போகிற விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பதைப் பாப்பா இப்போதுதான் நிறுத்தியிருக்கிறாள்.

16.7.86, புதன்

ரோசம்மாவிடம் சொன்னேன். "மூணு பஸ் மாறணுமா?" என்று மட்டும் கேட்டாள். குழம்பில் உப்பு இல்லை. இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

19.7.86, சனி

மாரியப்பன் வீட்டுக்கு வந்தார். உடற்கல்வி ஆசிரியர், என்.சி.சி. அதிகாரி, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். நாங்கள் இருவரில் ஒருவர் போக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் காப்பியை நிம்மதியாகக் குடித்தார். நல்ல மனிதர், அதுதான் எரிச்சல்.

முதல் தேதி கர்னல் பார்வையிட வருகிறாராம். பட்டாளத்தில் சண்டைக்கு முன்னால் நிலத்தை மேஜைமேல் செய்துவைத்து, பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திப் பார்ப்பார்களாம். அதை நம் பையன்கள் கர்னல் முன்னால் செய்து காட்ட வேண்டும். மேடு, ஆறு, ஆற்றோரம் ஒரு சேற்று நிலம். எல்லாம் அவர் கொடுத்த வரைபடத்தில் இருக்கிறது.

"சேத்தைப் பாத்தா செருப்பைக் கழட்டணும்னு தோணணும் சார். கர்னல் அசந்துட்டாருன்னா ரெண்டு பேரையும் வெச்சுக்கறதுக்கு மேல எழுதறேன்னு ஹெச்செம் சொல்லியிருக்காருங்க."

ஆக, என் குடும்பம் சேர்ந்திருப்பது ஒரு சாண் சேற்றில் இருக்கிறது.

20.7.86, ஞாயிறு

பூசை முடிந்ததும் தர்மபுரி போய் பிளாஸ்டிக் சிப்பாய்கள் வாங்கினேன். மூன்று டஜன். பாதிப் பேர் அகலத் தொப்பி போட்ட அமெரிக்க மாட்டுக்காரர்கள். பிளேடால் தொப்பியைச் செதுக்கி இந்தியப் பிரஜைகளாக்கினேன். பாதிக்கு நீலம், பாதிக்குச் சிவப்பு அடித்து இரண்டு படை. டாங்கிக்குத் தீப்பெட்டி. நிலத்துக்கு மரத்தூளும் வச்சிரப் பசையும்.

22.7.86, செவ்வாய்

பதினான்கு வருட சர்வீஸில் அழகானவற்றை மட்டுமே வரையச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அசிங்கம் இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை.

சேற்றுக்கு முதலில் விளக்கெண்ணெயில் பச்சைப் பொடி கலந்தேன். மேட்டிலிருந்து ஆற்றுக்கு ஓடி, சிவப்புப் படையை எண்ணெய்க் குளியலில் இறக்கியது. வெண்டைக்காயை அரைத்து ஊற்றினேன். வழவழப்பு பிரமாதம், மறுநாள் வாடையில் ஏழாம் வகுப்பே மூக்கைப் பிடித்தது. ஜவ்வரிசியைக் காய்ச்சி ஊற்றினேன். கண்ணாடிபோல் நின்றது. சாயங்காலத்துக்குள் எறும்புகள் வந்து இரு படைகளையும் தோற்கடித்துவிட்டன.

25.7.86, வெள்ளி

கிடைத்துவிட்டது.

வேலம் பிசினை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, ஜவ்வரிசிக் கஞ்சி பாதி, மயில்துத்தம் ஒரு சிட்டிகை. எறும்பும் வராது, பூசணமும் பிடிக்காது. கறுப்பும் மஞ்சளும் கலந்த ஒரு பச்சை. அரைவேக்காட்டு ஜவ்வரிசியைப் பாதி புதைத்தால் நுரைக்குமிழி. பாதி காய்ந்ததும் ஈர்க்குச்சியால் தொட்டு மெல்ல இழுத்தால், சிப்பாயின் பூட்ஸிலிருந்து நூல் நூலாகச் சேறு தொங்குகிறது. மேலே ஒரு கை வார்னிஷ்.

ரோசம்மா எட்டிப் பார்த்து, "உவ்வே" என்றாள். என் வாழ்நாளில் கிடைத்த பெரிய பாராட்டு.

27.7.86, ஞாயிறு

புத்தி கெட்டவன். புத்தி கெட்டவன்.

பள்ளியில் தனியாக வேலை. கொதிக்கிற பிசின் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினேன். கை சுட்டது. எங்கே வைத்தேன்? மேஜைமேல். மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில், பச்சை அடித்து முடித்த சமவெளியில். எடுத்துப் பார்த்தால் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பு வட்டம், நடுவில் பள்ளம். மரத்தூள் கருகிய நாற்றம். புதிதாகப் பூசினால் காய ஐந்து நாள். இருப்பதே ஐந்து நாள், மழை வேறு மூடிக்கொண்டிருக்கிறது.

மாரியப்பனிடம் சொல்லலாம். சொன்னால் என்ன செய்வார், அடிக்கவா போகிறார்?

30.7.86, புதன்

சொல்லவில்லை. பள்ளத்தில் இன்னொரு சேற்றைப் போட்டுவிட்டேன். முதலாவதைவிட இதுதான் அழகு. ஓரத்தில் நாணலுக்குத் துடைப்பக்குச்சி, நடுவில் தலைகீழாய் மூழ்கிய மாட்டு வண்டி. தூசி படாமல் வேட்டி போட்டு மூடியாயிற்று.

1.8.86, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலை முழுவதும் மாரியப்பன் மைதானத்தில் அணிவகுப்போடு இருந்தார். மேஜையை அவர் பார்த்தது கர்னலோடு சேர்ந்துதான். வேட்டியை எடுத்ததும் கர்னல் குனிந்தார். விரலால் சேற்றைத் தொட்டு, விரலைப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். விரலில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம் பையன்கள் ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் மனப்பாடம் செய்த யுத்தம். நீலப் படையின் ஆறு டாங்கிகளையும் சமவெளி வழியாக ஆற்றுக்கு நகர்த்தினார்கள். நேரே என் சேற்றுக்குள். மூழ்கிய மாட்டு வண்டிமேல் ஒரு டாங்கி ஏறி நின்றது.

"இந்தச் சேற்றில் டாங்கி போகுமா?" என்று கர்னல் ஆங்கிலத்தில் கேட்டார். பையன்கள் மாரியப்பனைப் பார்த்தார்கள். மாரியப்பன் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆற்றோரச் சேறுதான் நிஜம், இது நான் சட்டியை வைத்துச் சுட்ட இடம் என்று.

மாரியப்பன் விறைப்பாக நின்று, "திட்டத்தில் தவறு சார். என் தவறு" என்றார்.

கர்னல் மேஜையைப் புகழ்ந்தார். திட்டம் போட்டவர் நிலத்தைக் கண் திறந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். தலைமையாசிரியர் என் தோளைத் தட்டினார்.

2.8.86, சனி

டாங்கி அந்த வழியாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

தெரியாதா? இரண்டு வாரமாகப் பக்கத்து அறையில்தானே கத்திப் படித்தார்கள்.

6.8.86, புதன்

உண்மையைச் சொல்லிவிடத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். "என்னாங்க கஸ்பார்?" என்றார். சாக்பீஸ் இரண்டு பெட்டி வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

8.8.86, வெள்ளி

மறுபடி போனேன். இந்தத் தடவை நிஜமாகவே சொல்லிவிட்டேன். சட்டி, பள்ளம், எல்லாம். சவுரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க? கர்னல் முன்னால அவரே தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. அவர் பேரையே எழுதிக் காலையிலதான் தபால்ல போட்டேன். ரெண்டு பேரையும் வெச்சுக்கிற அளவுக்கு எனக்குச் செல்வாக்கு ஏதுங்க?"

காலையில். நான் இரண்டு நாள் முன்னால் சாக்பீஸ் வாங்கினேன்.

வீட்டில் சொன்னதும் ரோசம்மா அழுதாள். சந்தோஷத்தில்தான். பிறகு, "பாஞ்சாலி மூணு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு தனியா என்னா பண்ணுவா?" என்று மாரியப்பன் மனைவியை நினைத்து இன்னொரு தடவை அழுதாள். நான் இரண்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

18.8.86, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. மாரியப்பனுக்கு வழியனுப்பு மடல் நான்தான் எழுத வேண்டும். 'கடமை வீரர்' என்று வண்ண எழுத்தில் எழுதினேன். கை நடுங்காமல் எழுத வந்தது. அதுதான் அசிங்கம்.

25.8.86, திங்கள்

என்.சி.சி.யை என் தலையில் கட்டிவிட்டார்கள். கர்னலே பேர் சொல்லிச் சிபாரிசு செய்தாராம், நிலத்தை அறிந்தவர் என்று. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான். காக்கி தைக்க அளவெடுத்த தையல்காரர் இடுப்பில் இரண்டு தடவை டேப்பைச் சுற்றிப் பார்த்து, "மூச்ச வுடுங்க சார், இழுத்துப் புடிச்சா தப்பா போயிரும்" என்றார்.

9.9.86, செவ்வாய்

"லெஃப்ட் டர்ன்" என்றேன். நாற்பது பேர் இடப்பக்கம் திரும்பினார்கள். நான் மட்டும் வலப்பக்கம்.

28.9.86, ஞாயிறு

மாரியப்பன் வாரக் கடைசிக்கு வந்திருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்தார். இளைத்திருக்கிறார். புதுப் பள்ளியிலும் என்.சி.சி. ஆரம்பிக்கப் போகிறார்களாம். மேஜைப் போருக்கு அங்கே ஓவிய ஆசிரியர் இல்லை.

"அந்தச் சேறு எப்புடி பண்றதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். எனக்கு அதெல்லாம் கை வராதுங்க."

உட்கார்ந்து எழுதினேன். பிசின் எவ்வளவு, ஜவ்வரிசி எவ்வளவு, துத்தம் எவ்வளவு, எந்தப் பதத்தில் ஈர்க்குச்சியால் இழுப்பது என்று. முடித்த பிறகும் பேனா தாளிலேயே நின்றது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'வரைபடத்தில் உள்ள இடத்தில் மட்டும் ஊற்றவும்.'

வாங்கி முழுதும் படித்தார். கடைசி வரியில் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

"வேட்டிய எடுத்தப்பவே தெரியும் சார். நீங்க ஜன்னலைப் பாத்தீங்க, அதான் நான் பேசிட்டேன்."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைச் சொன்னேன். அதற்குள் அவருடைய சின்னப் பையன் பஸ் வந்துவிட்டதென்று ஓடிவந்து அவர் பையைத் தூக்கிக்கொண்டான். கேட்டதோ என்னவோ.

கூடவே போனேன். பஸ்ஸில் சந்தைக் கூட்டம், உட்கார இடமில்லை. நின்றுகொண்டேதான் போனார்.