பெயருக்கு எழாத கோடு

நாள் 212, 06:00
காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. குளிர்பெட்டியில் கேப்டன் அமலோற்பவம் உறங்குகிறார். நான் கோமதிராஜ், பொறியாளர். இந்த விண்கலத்தில் விழித்திருப்பது நான் மட்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கணினி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். கேட்டதும் மூளை அலைக்கோடு மேலெழ வேண்டும். எழுந்தது. கொஞ்சம்தான்.

நாள் 215, 22:10
இம்முறை எழவே இல்லை. அடுத்த அழைப்பிலும் எழாவிட்டால் ஆள் இறந்ததாக எடுத்துக்கொண்டு கணினி பெட்டியை அணைத்துவிடும். மடத்தனம். தன் பெயரைக் கேட்டால் ஒருவர் மூளை துள்ளும், இன்னொருவர் மூளை புரண்டு படுக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு வைத்தவன் எவன்? அதை மாற்றவிடாத பூட்டின் சாவி தரைநிலையத்திடம் இருக்கிறது. கேட்டிருக்கிறேன்.

நாள் 216, 05:20
தரைநிலையத்துப் பரமசிவம் அண்ணன், பாதி இரைச்சலில்:
"தம்பி, பூட்டத் தொறக்க உத்தரவு வரல. அவங்க வீட்டுக்காரர்ட்ட விசாரிச்சேன். கல்யாணத்துக்கப்புறம் யாருமே பேர் சொல்லிக் கூப்ட்டதில்லையாம். தெருவுல மகன் பேர வச்சு 'ஆன்றோ அம்மா', ஆபீஸ்ல 'மேடம்'. நீ எப்டிய்யா கூப்டுவ?"
அத்தோடு ஆன்டெனா செத்தது. நானும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன்.

நாள் 216, 06:02
கணினி "அமலோற்பவம்" என்றபோதே பெட்டியின் ஒலிவாங்கியில் கத்தினேன்: "மேடம்! என்ஜின் போச்சு மேடம்!" கோடு செங்குத்தாக எழுந்தது. என்ஜினுக்கு ஒன்றுமில்லை. மன்னிக்கட்டும்.

நாள் 219, 14:05
என் கத்தலைப் பதிவுசெய்து ஓடவிட்டேன். மூன்றாம் தடவையே அவர் மூளைக்குச் சலித்துவிட்டது. ஒரே பொய்யை எத்தனை தடவை நம்புவார்? ஒவ்வொரு முறையும் நானே புதிதாகக் கத்த வேண்டும். பெட்டி தானாகத் திறக்க இன்னும் ஐந்து வாரம். நடுவில் எழுப்பினால் இதயம் தாங்காது.

நாள் 233, 06:30
என்னை எழுப்பக் கணினி "கோமதிராஜ்" என்கிறது. இப்போதெல்லாம் காதில் விழுவதில்லை. தூக்கத்தில் என் மூளையை அளக்கவிட்டுப் பார்த்தேன். தட்டை. இங்கே என்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? பழைய பயிற்சிப் பதிவொன்றில் மேடம் என்னைத் திட்டும் குரல் அகப்பட்டது: "ஏலே அவசரக்குடுக்கை! எங்கல ஓடுத? போல்ட்ட முறுக்கிட்டுப் போலே!"
அதற்குத் துள்ளியது. இனி இதுதான் என் அலாரம். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

நாள் 241, 23:40
அவசரக்குடுக்கைக்கும் துள்ளல் குறைந்துவிட்டது. பத்து மணி அழைப்பைத் தவறவிட்டேன். தூங்கிவிட்டேன். மேடம் கணக்கில் ஒன்று போயிற்று. ஆறு மணிக்கும் விட்டால் முடிந்தது. உட்கார மாட்டேன்.

நாள் 242, 04:50
நின்றபடி எழுதுகிறேன். எழுத்து இரண்டாகத் தெரிகிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு: பெட்டியில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார். பெயரைச் சொல்லாதீர்கள். மேடம் என்று கொஞ்சம் சத்தமா

நாள் 242, 05:55. தானியங்கிப் பதிவு
பொறியாளரை எழுப்பும் ஒலி: "ஏலே அவசரக்குடுக்கை! எங்கல ஓடுத?"
எதிர்வினை இல்லை.
மறுமுறை. எதிர்வினை இல்லை.

நாள் 242, 06:00. தானியங்கிப் பதிவு
கேப்டனுக்கு அழைப்பு: "அமலோற்பவம்."